போர்ட்லாந்து மேவரிக்ஸ்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1973 முதல் 1977 வரை ஆடிய சிறு லீக் பேஸ்பால் அணி. பெரிய லீக் அணி எதையும் சாராதது. போர்ட்லாந்து பீவர்ஸ் அணி 1972 பருவத்துக்குப்பின் வெளியேறியதால் அணியின்றிப் போன நகரில் நடிகர் பிங் ரஸ்ஸல் இதைத் தொடங்கினார். மற்ற அணிகள் கழித்துவிட்டவர்களையும் திறந்த தேர்வில் வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார். மகன் கர்ட் ரஸ்ஸலும் ஆடினார். நியூயார்க் யாங்கீஸின் முன்னாள் பந்துவீச்சாளர் ஜிம் பௌட்டனும் இங்கே வந்து வீசினார். துண்டாக்கிய சூயிங்கம்மான 'பிக் லீக் சூ'வும் இவ்வணி வீரர்களின் யோசனைதான். ரசிகர் கூட்டம் பெருகியதே வினையாயிற்று: பீவர்ஸ் முன்பு ஆடிய பசிபிக் கோஸ்ட் லீக் நகரைத் திரும்பக் கேட்டது. பிங் ரஸ்ஸல் எளிதில் விடவில்லை. நடுவர் மன்றத் தீர்ப்பில் 2,06,000 டாலர் இழப்பீடு பெற்றார். அணி கலைந்தது. இதைப் பற்றிய ஆவணப்படம் 2014இல் வெளியானது.