விளம்பர மென்பொருளும் வீட்டுக்காரரின் சம்மதமும் – ஒரு வரலாற்று நோக்கு

வீட்டுக் கணனிகளுள் விளம்பர மென்பொருள் புகுந்த வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அதனைக் கள்வர் வரலாறாகவே கூறுவர். வைரஸ் பூட்டை உடைத்து உட்புகுவது. விளம்பர மென்பொருளோ கதவைத் தட்டி, வீட்டுக்காரரே திறந்துவிட உட்புகுவது. கதவுடைத்த சந்தர்ப்பங்களும் இல்லாமலில்லை. எனினும் அதன் பெருவளர்ச்சிக்குக் காரணமாயிருந்தது சம்மதம் என்ற ஒன்றே என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.

1990களின் இறுதியில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மென்பொருள்கள் பல. அவற்றை ஆக்கியோருக்கு வருவாய் வேண்டியிருந்தது. அதனை விளம்பரதாரர் வழங்கினர். 2000ஆம் ஆண்டில் ஸ்ரீவ் கிப்சன் என்னும் அமெரிக்க நிரலாளர், ஓரியேற் நிறுவனத்தின் விளம்பரக் கூறு தமது கணனியில் இருக்கக் கண்டு, அதனை அகற்றுதற்கென்றே ‘ஒப்ற்அவுட்’ என்னும் மென்பொருளை எழுதி வெளியிட்டார்.

இவ்வரலாற்றில் விரிவாக நோக்கற்பாலது கேற்றர் நிறுவனமாகும். 1998இல் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், கடவுச்சொற்களை நினைவிற்கொண்டு படிவங்களை நிரப்பித்தரும் பயனுள்ள கருவியொன்றை இலவசமாக வழங்கியது. அதனுடன் வந்த மற்றொரு பகுதி, பாவனையாளர் செல்லும் இணையத்தளங்களைக் கவனித்து, அவற்றின்மீதே பிறருடைய விளம்பரங்களை விரித்தது. 2002இல் வொஷிங்டன் போஸ்ற், நியூயோர்க் ரைம்ஸ் முதலிய பத்திரிகை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. அடுத்த ஆண்டு வழக்கு இணக்கமாக முடிந்தது. அதே ஆண்டில் நிறுவனமும் கிளாரியா எனப் பெயர் மாற்றிக்கொண்டது. கோப்புகளைப் பகிர்தற்கு இளைஞர் விரும்பிப் பயன்படுத்திய கசா போன்ற மென்பொருள்களோடு இணைந்து சென்றமையால் அதன் பரம்பல் பெருகிற்று. பங்கு வெளியீட்டுக்கென 2004இல் அது சமர்ப்பித்த ஆவணம், 4 கோடி 30 இலட்சம் பாவனையாளரையும், 2003இல் 9 கோடி டொலர் வருமானத்தையும் காட்டியது. அவ்வருமானத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு யாஹூவுக்குச் சொந்தமான ஓவர்ச்சர் நிறுவனத்தினூடாக வந்தது. மதிப்புமிக்க நிறுவனங்களின் பணமே இத்தொழிலை வளர்த்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, பாவனையாளர் அளித்த சம்மதம் எத்தகையது? பிசி பிற்ஸ்ரொப் என்னும் நிறுவனம் தனது உரிம உடன்படிக்கையின் நடுவே, இதனை வாசித்து எழுதுவோருக்குப் பரிசு உண்டு என்றொரு வாசகத்தைச் சேர்த்துவைத்தது. நான்கு மாதங்கள் கழிய, மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மென்பொருளைப் பெற்றபின், ஒருவர் மட்டுமே எழுதினார். ஆயிரம் டொலர் பெற்றார். இதனை வாசகரின் சோம்பலுக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அது பொருந்தாது. வாசிக்கப்படாதிருத்தலே அத்தகைய உடன்படிக்கைகளின் பயனாயிருந்தது. சாங்கோ நிறுவனத்தின்மீது அமெரிக்கச் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு சுமத்திய குற்றச்சாட்டும் இதனையொட்டியதே: விளம்பரம் வருமென்ற செய்தி போதியளவு வெளிப்படுத்தப்படவில்லை, அகற்றும் வழியும் கடினமாக்கப்பட்டது. 2006இல் அந்நிறுவனம் 30 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. 2007இல் டிரெக்ற் றெவனியூ நிறுவனத்துடன் 15 இலட்சம் டொலருக்கு இணக்கம் ஏற்பட்டபோது, உரிமையாளர் 2 கோடி டொலருக்கு மேல் வைத்துக்கொள்ள இது இடமளிக்கிறதென ஆணையாளர் ஜோன் லீபொவிற்ஸ் மாறுபட்டு நின்றார். அவர் பக்கமே நியாயம் இருந்ததாகத் தோன்றுகிறது.

2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைப் பொதி மேல்விரி விளம்பரங்களைத் தடுக்கத் தொடங்கியபின், நிறுவுதல் நிகழும் திரையே முக்கிய வாயிலாயிற்று. ஜாவா போன்ற பெயர்பெற்ற மென்பொருளே பல ஆண்டுகள் ‘ஆஸ்க்’ கருவிப்பட்டையை முன்கூட்டியே தெரிவுக்குறியிட்டு உடன்கொண்டு வந்தது. ஆதலின் ஆக்கியோரின் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும் என்ற அறிவுரை மட்டும் போதாது. விரைவு நிறுவலை விடுத்து விருப்பத்தெரிவு முறையைக் கொண்டு, இடப்பட்ட குறிகளை நீக்குதல் வேண்டும். நாளாந்த வேலைக்கு நிருவாகி உரிமையற்ற கணக்கே ஏற்றது. இன்று இவ்வாயில் உலாவி நீட்சிகளுக்கும், அறிவித்தல் அனுப்ப அனுமதி கேட்கும் தளங்களுக்கும் இடம்பெயர்ந்துள்ளது.

ஆனால் இவ்வறிவுரைகள் யாவும் பயனற்றுப்போன சந்தர்ப்பமும் உண்டு. 2014இல் லெனோவோ நிறுவனம் தன் மடிக்கணனிகள் சிலவற்றில் சுப்பர்பிஷ் என்னும் விளம்பர மென்பொருளை விற்பனைக்கு முன்னரே நிறுவியிருந்தது. மறைகுறியாக்கப்பட்ட பக்கங்களிலும் விளம்பரத்தைப் புகுத்துதற்காக அது தானே ஒரு மூலச் சான்றிதழை நாட்டிக்கொண்டது. எல்லாக் கணனிகளிலும் ஒரே இரகசியத் திறவியே இருந்தமையால், அதனை அறிந்த எவரும் வங்கித் தளம்போல் நடித்து ஏமாற்றக்கூடியதாயிருந்தது. 2015 பெப்ரவரியில் இது வெளிப்பட்டது. 2017இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி, இத்தகைய மென்பொருளை முன்கூட்டி நிறுவுமிடத்துப் பாவனையாளரின் வெளிப்படையான சம்மதத்தைப் பெற லெனோவோ உடன்பட்டது.