ஓய்மாநாட்டு உப்பும் பதநீரும்: டென்னிசு வீரர்களின் விளையாட்டுப் பானம் குறித்த வரலாற்று நோக்கு

முன்னுரை

2008 ஜனவரியில் நுங்கம்பாக்கத்தில் நடைபெற்ற சென்னை ஓப்பன் அரையிறுதியில் ரஃபேல் நடால் 3 மணி 54 நிமிடம் ஆடிக் கார்லோசு மோயாவை வென்றார். மூன்று செட்டுகளும் டை-பிரேக்கர் வரை நீண்டன. மறுநாள் இறுதியாட்டத்தில் மிகயீல் யூழ்னியிடம் 0–6, 1–6 எனத் தோற்றார். இத்தோல்விக்கு நீரிழப்பை மட்டும் காரணமாக்குதல் பொருந்தாது. தசைச் சோர்வுக்கும் அதில் பங்குண்டு. எனினும், தொடர்போட்டியில் ஓர் ஆட்டத்தின் இழப்பு அடுத்த ஆட்டத்தின் மூலதனத்தைக் குறைக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும். அவ்விழப்பை ஈடுசெய்யத் தோன்றிய பானத்தின் வரலாற்றையும், அதன் உட்பொருள்களாகிய உப்பும் சர்க்கரையும் விளையும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தையும் இக்கட்டுரை இணைத்து நோக்குகிறது.

பானத்தின் தோற்றம்

குடற்சுவரில் குளுக்கோசும் சோடியமும் இணைந்தே உறிஞ்சப்படுகின்றன என்னும் கருத்தை இராபர்ட் கிரேன் 1960இல் பிராகு நகரில் முன்வைத்தார். 1965இல் புளோரிடா பல்கலைக்கழக மருத்துவர் இராபர்ட் கேடும் குழுவினரும் கால்பந்து வீரர்களுக்கெனக் ‘கேட்டரேடு’ பானத்தை உருவாக்கினர். 1971இல் வங்கதேச அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, பன்கானில் திலீப் மகலனாபிசு உப்பு-சர்க்கரைக் கரைசலைப் பேரளவில் வழங்கி உயிர்களைக் காத்தார். விளையாட்டுப் பானமும் வாய்வழி நீரேற்றக் கரைசலும் ஒரே உடலியல் அடிப்படையில் இயங்குவன. முன்னது ஆற்றலுக்காகச் சர்க்கரையை மிகுத்தும், பின்னது நீரேற்றத்திற்காகச் சோடியத்தை மிகுத்தும் அமைந்தன.

வெப்பச் சூழலில் டென்னிசு வீரர் மணிக்கு 1 முதல் 2.5 லிட்டர் வரை வியர்வை இழக்கக்கூடும். பக்கம் மாறும் இடைவேளையோ 90 நொடிகளே. உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நீரிழப்பு செயல்திறனைக் குறைக்கலாம் என அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007இல் அறிவுறுத்தியது. வியர்வையில் சோடியமும் வெளியேறுவதால், அளவிறந்து வெறும் நீரைப் பருகுதலும் இரத்தச் சோடியத்தைக் குறைத்துத் தீங்கு தரும்.

வட்டாரப் பின்புலம்

சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடனின் கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் பகுதியாக உள்ளது. அந்நூல் சுட்டும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்துவர் ஆய்வாளர். மரக்காணத்து உப்பளங்கள் இன்றும் இயங்குகின்றன. விக்கிரவாண்டிப் பகுதியில் பனையேற்றமும் பதநீர் இறக்குதலும் தொடர்கின்றன.

எயிற்பட்டினத்தில் பாணர் பெறும் விருந்தில் சுட்ட மீனோடு தேறலும் இடம்பெறுகிறது. இதனைப் பண்டைய ‘ஆற்றல் பானம்’ எனக் கொள்வது பிழை. தேறல் புளித்த கள். ஆல்ககால் சிறுநீர்ப் போக்கை மிகுவிக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிப்பைத் தடுத்துப் பெறும் பதநீரோ வேறு பொருள். இரண்டையும் ஒன்றாக்கினால் இலக்கியச் சான்றும் உடலியலும் ஒருங்கே பிழைபடும்.

ஒப்பீடு

விளையாட்டுப் பானங்களில் சர்க்கரை பொதுவாக 6 முதல் 8 விழுக்காடு. சோடியம் லிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிமோல். பதநீரில் சர்க்கரை 10 விழுக்காட்டை ஒட்டியோ மிகுந்தோ இருக்கும், சோடியம் குறைவு. சர்க்கரை 8 விழுக்காட்டைக் கடந்தால் இரைப்பையிலிருந்து நீர் வெளியேறுதல் தாமதமாகும். ஆகவே பதநீரை அப்படியே ஆட்டத்திடையே பருகுவது உகந்ததன்று. சம அளவு தூயநீர் கலந்தால் சர்க்கரை ஏறத்தாழப் பாதியாகும். லிட்டருக்கு 1 கிராமுக்குச் சற்று மேற்பட்ட உணவுப்பு சேர்த்தால் சோடியமும் ஈடாகும். இது கணக்கீடு மட்டுமே. புளிப்பேறும் வேகம், தூய்மை, சுண்ணாம்பின் அளவு ஆகியன ஆய்வகத்திலும் ஆடுகளத்திலும் சோதிக்கப்பட வேண்டும்.

முடிவுரை

பதநீர்ப் பருவமும் கோடைப் பயிற்சி முகாம்களும் ஒரே மாதங்களில் நிகழ்வன. எனவே இச்சோதனை மாவட்ட அளவிலேயே இயலும்; பனைத்தொழிலாளர்க்கும் இளம் வீரர்க்கும் பயன் தரும். ஆயின் ‘மரபு’ என்னும் சொல் அளவீட்டிற்கு மாற்றாகாது. உப்பும் பனையும் இந்நிலத்தின் தொன்மை. அவற்றை உரிய விகிதத்தில் இணைக்கும் அறிவு கடந்த நூற்றாண்டினது. இவ்விரண்டையும் பிரித்தறிந்த பின்னரே இணைத்துப் பேசுதல் தகும்.