வீட்டு உரிமையாளரும் வரிக் கணக்கும்

கூலி பெறுபவர் வருமானத்தை மறைக்காதிருக்க, கொடுத்தவரே அதனை அரசுக்கு அறிவிக்க வேண்டுமென்பது அமெரிக்க வரிச் சட்டத்தின் நெடுநாளைய முறைமை. தொழில் நடத்துவோர் ஓராண்டில் ஓர் ஒப்பந்தக்காரருக்கு 600 டொலரோ அதற்கு மேலோ கொடுத்தால் இறைவரிச் சேவைக்குப் படிவம் அனுப்ப வேண்டியிருந்தது. 2025 ஆம் ஆண்டுச் சட்டம், 2026 முதலான கொடுப்பனவுகளுக்கு இவ்வெல்லையை 2,000 டொலராக உயர்த்தியது.

2010 செப்டெம்பரில் ஜனாதிபதி ஒபாமா ஒப்பமிட்ட சிறுதொழில் சட்டம், சில விலக்குகளுடன், வாடகை பெறுவோரையும் இக்கடமைக்குள் கொணர்ந்தது. ஒரேயொரு வீட்டை வாடகைக்கு விட்டு வாழும் முதியவரும், குழாய் திருத்துபவரிடம் வரி இலக்கம் கேட்டு வாங்க வேண்டிய நிலை தோன்றியது. எதிர்ப்பு வலுக்கவே, 2011 ஏப்ரல் 14 இல் அவ்வேற்பாடு நீக்கப்பட்டது.

இன்று, வாடகை விடுதலைத் தொழிலாக நடத்துவோருக்கே அக்கடமை உண்டு. ஆனால், எது தொழில், எது வெறும் முதலீடு என்பதைச் சட்டம் திட்டவட்டமாக வரையறுக்கவில்லை. அந்தத் தெளிவின்மையின் சுமை சிறு உரிமையாளர் தலையிலேயே விழுகின்றது.

வரி ஏய்ப்பைத் தடுப்பது அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், கடமையை விதிக்கும் அரசு, அது யாருக்குரியதென்பதையும் ஐயமறச் சொல்லுதல் வேண்டும். அதுவே நீதி என்பது எமது நிலைப்பாடு.