தேய்ந்த செப்புக்காசின் சான்று

வேந்தரின் வெற்றிகளைக் கல்வெட்டுகள் கூறும். எளியோரின் கொடுக்கல் வாங்கலைச் சல்லிக்காசுகளே கூறும். மன்னார்த் தீவின் தோட்டவெளி போன்ற ஊர்களில் ஆங்கிலேயர் காலச் செப்புக்காசொன்று மண்ணிலிருந்து வெளிப்படுமாயின், உப்பும் களிம்பும் அதன் எழுத்துகளைப் பெரிதும் அரித்திருக்கும். மங்கிய தலையுருவை மட்டும் நோக்குவோர், அதனை மாலுமி ஒருவன் தவறவிட்ட அந்நியக்காசெனக் கருதுதல் இயல்பே. ஆயினும் அம்முடிபு ஆராய்தற்குரியது.

மன்னார்க் கோட்டை 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் வசமாயிற்று. புதிய ஆட்சியினர் யானை பொறித்த காசுகளை 1801 முதல் வெளியிட்டனர். அக்காலத்தில் 48 ஸ்டைவர் கொண்டது ஒரு ரிக்ஸ் டொலர். 1825இல் பவுண், சிலிங், பென்சு என்னும் கணக்கு இலங்கைக்கு வந்தபோது, ரிக்ஸ் டொலர் 18 பென்சாக மதிக்கப்பட்டது. எனவே ஒரு ஸ்டைவரின் பெறுமதி காலே அரைக்கால் பென்னியாகும். இங்கிலாந்தில் அன்று வழங்கிய மிகச் சிறிய காசாகிய பார்திங், கால் பென்னிக்குச் சமம். அதனால் மட்டும் ஒரு ஸ்டைவரைச் சரியாகக் கொடுத்தல் இயலாது. அரைக்கால் பென்னி பெறுமதியுள்ள அரைப் பார்திங் 1828இல் இலங்கைக்கென அச்சிடப்பட்டது. அவை மூன்று சேரின் ஒரு ஸ்டைவராகும். இங்கிலாந்தில் அது 1842இலேயே சட்டநாணயமாயிற்று. இலங்கையின் பெயர் அதில் இல்லாமையே மயக்கத்துக்குக் காரணமாகும்.

எழுத்தழிந்த காசை இனங்காண அளவு முதலில் உதவும். செப்புப் பார்திங் ஏறத்தாழ 22 மில்லிமீற்றரும், அரைப் பார்திங் 18 மில்லிமீற்றரும் குறுக்களவுடையன. அடுத்து, முகம் நோக்கும் திசையை அறிதல் வேண்டும். அரைப் பார்திங்கில் நான்காம் ஜோர்ஜ் காண்பவரின் இடப்புறமும், நான்காம் வில்லியம் வலப்புறமும், விக்டோரியா மீண்டும் இடப்புறமும் நோக்குவர். முதலிருவர் காசுகளின் பின்புறத்தில் அமர்ந்த நிலையில் பிரித்தானியா காணப்படுவாள்; விக்டோரியா காலத்து அரைப் பார்திங்கில் முடியும் மதிப்பெழுத்தும் இருக்கும். பின்புறத்தில் யானை தோன்றின் அது முந்திய ரிக்ஸ் டொலர் முறைக்குரியது. பனையினத்தைச் சேர்ந்த தாளிப்பனை தோன்றின், 1870 முதல் அச்சிடப்பட்ட சதக்காசு வகையினது.

இவ்வடையாளங்களைத் தேடுவோர் காசைப் புளியிட்டு விளக்குதல் தகாது. பாத்திரத்துக்குப் பொலிவு தரும் அச்செயல், காசில் எஞ்சிய நுண்கோடுகளையும் போக்கிவிடும். மேலும், காசிற் பொறித்த ஆண்டை அது மண்ணில் வீழ்ந்த ஆண்டாகக் கொள்ளலும் ஆகாது. அவ்வாண்டுக்கு முன் அது வீழ்ந்திருக்க முடியாது என்பதே அதனாற் பெறப்படும் உறுதி.

நெடுங்காலம் கைமாறித் தேய்ந்த அரைப் பார்திங், அந்நியன் தவறவிட்ட பொருளென ஒதுக்கத்தக்கதன்று. அதில் உள்ள தலை இங்கிலாந்து வேந்தருடையது. தேய்வோ இந்நாட்டுச் சந்தையில் அதனை எண்ணிக் கொடுத்தும் வாங்கியும் வந்த மக்களின் விரல்களுக்கும் உரியதாகலாம். பெயரெழுதி வையாத அம்மக்களுக்கு, அத்தேய்வே ஒரு சாசனமாகும்.