புகைபோக்கி யாருக்கு?

1952 டிசம்பர் 5. லண்டனில் கடும் குளிர், காத்து அப்படியே நின்னுபோச்சு. வீட்டு அடுப்புகளிலும் மின்நிலையங்களிலும் எரிந்த நிலக்கரியின் புகை மேலே போக வழியில்லாமல் மூடுபனியோடு கலந்து ஐந்து நாள் ஊருக்குள்ளேயே தங்கியது. அதனால் வழக்கத்தைவிட 4000 பேர் கூடுதலாக இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வு 12,000 வரை சொல்கிறது. நெஞ்சுச்சளி மட்டுமில்லை, இதய நோயும் பலரைக் கொண்டுபோனது. நாலே வருஷத்தில், 1956இல், பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் போட்டது.

அந்த லண்டன் குடித்த தேயிலையில் நம்ம மலைத் தேயிலையும் இருந்தது. 1885இல் ரயில் பாதை நானுஓயாவை எட்டிய பிறகு, தேயிலைப் பெட்டிகள் இந்த வழியாகத்தான் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கின. இலையைக் காயவைக்க ஃபெக்டரியில் விறகு எரித்தார்கள். புகை பட்டால் தேயிலை வாசம் கெட்டுப்போகும் இல்லையா, அதனால் அந்த அடுப்புக்கு உயரமான புகைபோக்கி இருந்தது.

கொழுந்து எடுத்தவர்கள் இருந்த லயத்துக்கு? பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, முன்னால ஒரு இஸ்தோப்பு. அடுப்பும் அதுக்குள்ளதான். பல லயங்களில் புகை போக ஒழுங்கான வழியே கிடையாது. 5000 அடிக்கு மேலே இருக்கிற ஊர், ராத்திரிக் குளிருக்குக் கதவு ஜன்னலைத் திறக்கவும் முடியாது. எரிக்கிறது கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிலாறு. மழைக் காலத்தில் அது ஈரம், ஈர விறகு என்றால் புகை இன்னும் கூட.

அந்தப் புகை இதயத்தை என்ன செய்யும்? அதில் தலைமுடித் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்கள் இருக்கின்றன. அவை நுரையீரலின் ஆழம் வரை போய் அழற்சியை உண்டாக்கும், மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கும். இரத்தம் எளிதில் உறையும், நாளங்களில் கொழுப்புப் படியும், அழுத்தம் கூடும். முடிவு மாரடைப்பு, இல்லையென்றால் பக்கவாதம். இது 1993இல் இன்னும் தெளிவானது. அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 8000க்கும் மேற்பட்டவர்களை 14 முதல் 16 வருஷம் வரை பின்தொடர்ந்த ஆய்வு அது. சிகரெட் பழக்கத்தைக் கணக்கில் எடுத்த பிறகும், மிக அசுத்தமான நகரத்தில் இறப்பு வீதம் மிகச் சுத்தமான நகரத்தைவிட 26% அதிகமாக இருந்தது.

நகரத்துப் புகைதான் ஆபத்து, மலையில் நல்ல காத்து என்று நாமும் நம்புகிறோம். ஆனால் உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2020இல் வீட்டுப் புகையால் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள். அதில் பாதிக்கு மேல் இதய நோயும் பக்கவாதமும்.

2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று மாசு கூடியதால் இலங்கை முழுக்கப் பாடசாலைகளை மூடினார்கள். அது சரியான முடிவுதான். அதே வருஷம் கேஸ் தட்டுப்பாட்டில் நாடே விறகடுப்புக்குத் திரும்பியபோது, லயத்தில் பலருக்கு அது புதுசில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. பல காம்பராக்களில் அடுப்பு மட்டும் அதே மூலையில் இருக்கிறது. லண்டனுக்கு ஒரு மோசமான வாரம் இருந்தது, அதனால் சட்டம் வந்தது. இங்கே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் அது செய்தியாகவே ஆவதில்லை.

நெஞ்சுவலி என்று போகிற அம்மாச்சியிடம் சிகரெட் பிடிப்பீங்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். நாற்பது வருஷம் எந்த அடுப்பு முன்னால உட்கார்ந்தீங்க என்றும் யாராவது கேட்கணும். கூடப் போகிற நாமே அதை டாக்டரிடம் சொல்லலாம். விறகைக் காயவைத்து எரிப்பது, சமைக்கும்போது கதவைத் திறந்து வைப்பது எல்லாம் நம்ம கையில். புகைபோக்கியும் தனிச் சமையலறையும் அப்படியில்லை. வீட்டுத் திட்டம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அதை நாம் கேட்டு வாங்கணும். தேயிலைக்குப் புகை படக்கூடாது என்று நூறு வருஷத்துக்கு முன்னமே தெரிந்திருந்தது தானே.