'அருளர்' இசைத்தொகுப்பின் மாதிரிப் பதிவுகள்

'அருளர்' என்பது ஈழத்தமிழ்ப் பாடகி மாயா அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.) 2005 இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு ஆகும். ஹிப்-ஹாப், டான்ஸ்ஹால், மின்னணு இசை ஆகியவை இதில் கலந்துள்ளன. ஆறு பாடல்கள் கொண்ட மாதிரி ஒலிநாடாவே இதன் தொடக்கம்.

பின்னணி

1975 இல் இலண்டனில் பிறந்த மாயா, கைக்குழந்தையாக இலங்கை சென்றார். போர்ச் சூழலால் 1986 இல் ஏதிலியாக இலண்டன் திரும்பினார். கல்லூரியில் ஓவியமும் திரைப்படக் கலையும் பயின்றார்.

பதிவு

எலாஸ்டிகா இசைக்குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மனிடம் இருந்த ரோலண்ட் எம்சி-505 என்னும் மின்னணுத் தாளக் கருவியில் இவர் பயின்றார். அக்கருவி, பழைய நான்கு தட ஒலிப்பதிவுப் பொறி, ஒலிவாங்கி ஆகியவற்றைக் கொண்டே மாதிரிகள் பதிவாயின. அவற்றுள் ஒன்றான 'கலாங்' மெருகேற்றப்பட்டு, 2003 இல் 500 இசைத்தட்டுகளாக மட்டுமே வெளிவந்தது. இணையக் கோப்புப் பகிர்வு அதைப் பரப்பியது, எக்ஸ்.எல். நிறுவனத்தின் ஒப்பந்தமும் கிடைத்தது. பிறர் இசைத் துணுக்குகளுக்கு அனுமதி பெறுவதில் தொகுப்பு தாமதமானது. அந்த இடைவெளியில், 2004 இல், டிப்லோவுடன் இணைந்து கலவைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்.

பெயர்

'அருளர்' என்பது, ஈரோஸ் இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான தந்தையின் இயக்கப்பெயர். பிள்ளைப் பருவத்தில் தந்தை பெரும்பாலும் உடனில்லை. தலைப்பைப் பார்த்தாவது தம்மைத் தேடி வருவார் என்று மாயா எண்ணினார். பெயரை மாற்றுமாறு தந்தை கேட்டும் அவர் மாற்றவில்லை. இத்தொகுப்பு 2005 இல் மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.