பீட்டர் லான்யன்

இங்கிலாந்தின் மேற்கோரத்தில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வால் பிரதேசத்திற்கு, அதன் ஒளியின் சௌந்தரியத்தை நாடி வந்து கீர்த்தி பெற்ற சித்திரக்காரர்கள் பலராயினும், அங்குள்ள செயின்ட் ஐவ்ஸ் நகரிலேயே 1918-இல் ஜனித்து, அம்மண்ணின் துக்கத்தையும் தம்முடையதாகக் கொண்டு தீட்டியவர் பீட்டர் லான்யன். 1939-இல், யுத்தம் மூண்ட வேளையில் அங்கே குடியேறிய ஓவியர் பென் நிக்கல்சனிடம் அவர் நவீன கலையின் சூட்சுமங்களைப் பயின்றார்.

அவருடைய சிருஷ்டிகளுள் என் மனத்தை விட்டு அகலாதது, 1953-இல் முடிவுற்ற 'செயின்ட் ஜஸ்ட்'. அப்பெயர் கொண்ட கார்ன்வால் ஊருக்கு அருகிலுள்ள லெவன்ட் சுரங்கத்தில், தொழிலாளரை மேலும் கீழும் ஏற்றியிறக்கிய யந்திரம் 1919-இல் முறிந்து விழ, 31 பேர் மாண்டனர். பசும் வயல்களுக்கு நடுவே கரிய சுரங்கக்குழி செங்குத்தாக இறங்கும் அந்த நெடும்படம், சிலுவையின் வடிவத்தையே கொண்டிருக்கிறது. நிலக்காட்சி என்றால் கண்ணுக்கு இனிய தோற்றம் மாத்திரமே என்றிருந்த சம்பிரதாயத்தை, உழைத்து மடிந்தோரின் நினைவால் அவர் விஸ்தரித்தார். இதையே அவருடைய பெருஞ்சாதனையாக நான் கருதுகிறேன்.

பூமியை ஆகாயத்திலிருந்தும் அறிய விரும்பி, 1959-இல் கிளைடர் விமானம் ஓட்டக் கற்றார். காற்றின் எழுச்சியையே பொருளாகக் கொண்ட 'தெர்மல்' அடுத்த ஆண்டு பிறந்தது. 1964 ஆகஸ்டில் கிளைடர் விபத்தொன்றில் காயமுற்று, சில தினங்களில், தமது 46-ஆம் வயதில் காலமானார். அவருடைய படங்களுள் ஒன்றையேனும் காணும் வாய்ப்புப் பெறுவோர், 'செயின்ட் ஜஸ்ட்'டையே முதலில் காண வேண்டும்.